இரண்டு புள்ளி

விளம்பரத்தின் ஒன்பதாம் வரியில்
மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்தது.
நண்டுக் கொம்பனியில் கணக்கு எழுத
மோட்டார் சைக்கிள் எதற்கு?
போன வருடம், துறை துறையாய் நண்டு வாங்கப் போகும் பொடியனுக்குப் போட்ட விளம்பரம்.
தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறோம்.
அனுப்பியவன் நான்.

வெட்டினேன்.
அடுத்தது புள்ளித் தாள்: தோற்றப் பொலிவு, பத்துப் புள்ளி.
இங்கே பேனை தயங்கியது.
அந்தப் பத்தில்தானே
நானும் இந்தக் கதிரைக்கு வந்தேன்.

நேர்முகம் மேல்மாடியில்.
இருபத்திரண்டு படி, நடுவில் ஒரு திருப்பம், கைபிடி இல்லை.
ஆறு வருடம் ஏறி இறங்கியும் எண்ணாதவன்
எமில்டாவின் விண்ணப்பம் வந்த அன்று எண்ணினேன்.
"சக்கர நாற்காலியில் வருவேன்" என்று
ஒரு வரி எழுதியிருந்தாள்,
மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல்.

சவுந்தரநாயகம் ஐயா சொன்னார்:
"நாலு பொடியளைப் பிடிச்சுக் கதிரையோட தூக்குவம். அதுக்கென்ன?"
மேசையைத் தூக்கினால் என்ன, என்றேன்.
மேசைக்கு வெட்கம் இல்லை.

மேசை இறங்கியது.

ஐஸ் பெட்டி அடுக்கும் கொட்டிலில்
ஒன்பது பேருக்கும் அதே ஈரத் தரை,
அதே நண்டு வாடை,
குருநகர்க் காகங்களின் அதே சண்டை.
கழுத்துப்பட்டி கட்டி வந்த ஒருவன்
"ஏன் இங்க?" என்று கேட்டான்.
"இங்கதான்."

அவளுடைய முறை.
ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.
கழன்றால் என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும்.
ஊர் முழுக்க நாக்கில் வைத்திருக்கும் கேள்வி,
பஸ்ஸில், வங்கியில், பூசை முடிந்த வாசலில்:
எப்ப நடந்தது? எங்க வைச்சு?
"பிள்ளை, இது..."
மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.
தொண்ணூற்றாறாம் ஆண்டுச் சட்டத்தை
நான் அமுல்படுத்தியது அவ்வளவுதான்,
குதிக்காலால்.

"இது... இந்த மாசக் கணக்கில நானூறு கிலோ குறையுது.
எங்க தேடுவீர்?"
"முதல்ல ஐஸ் உருகின கழிவு. பிறகு தராசு.
பிறகுதான் ஆக்கள்."
ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

கணினிச் சோதனையில் மேசை அவள் முழங்காலில் இடித்தது.
நாலு செங்கல் தேடி வைக்கப் பத்து நிமிடம்.
அந்தப் பத்தையும் அவள் நேரத்தோடு கூட்டினேன்.
"சலுகையோ?" என்றார் ஐயா.
"இல்லை ஐயா. நாங்கள் பறிச்சது."

கரவெட்டி நளாயினிக்கு எழுபத்தெட்டு.
எமில்டாவுக்கு எழுபத்தாறு.
கூட்டினேன். திரும்பவும் கூட்டினேன்.
இரக்கத்தில் இரண்டு போட்டால் ஒருவருக்கும் தெரியாது,
நளாயினிக்கும் தெரியாது.
அதுதான் பயமாக இருந்தது.

தொலைபேசியில் கேட்டாள்: "எங்க விட்டனான்?"
"பெறுமானத் தேய்வு. லொறிக்கு ஒரு வருசம் கூடப் போட்டிட்டீர்."
கொஞ்சம் அமைதி. பிறகு, நான் எதிர்பாராத ஒரு சிரிப்பு.
"அஞ்சு இடத்துக்குப் போனனான்.
பிறகு அறிவிக்கிறம் எண்டதைத் தவிர
ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.
இது என்ர பிழை. என்ர சொந்தப் பிழை."
வைப்பதற்கு முன்,
"அடுத்த வெற்றிடம் எப்ப?"

மேசை இன்னும் கொட்டிலில்தான், செங்கலோடு.
மேலே ஏற்ற ஆள் கேட்டேன்.
பாரமாம்.
படியும் ஒடுக்கமாம்.